எமன் இருக்கும் திசை

மே 17, ஞாயிறு

இன்று காற்று கொஞ்சம் இரக்கம் காட்டியது. காலையில் காந்தக் குடிசைக்குப் போய் வார அளவீட்டை முடித்தேன். பெல்ட், சாவி, கைபேசி, இரும்பு ஜிப் வைத்த சட்டை எல்லாவற்றையும் நிலையத்திலேயே கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். ஒரு குண்டூசிகூட உடம்பில் இருக்கக் கூடாது. அந்தக் குடிசையே மரமும் பித்தளை ஆணியும்தான். அண்டார்க்டிகாவில் நம் நாடு வைத்திருக்கும் ஆராய்ச்சி நிலையத்தில் என் வேலை இதுதான்: காந்த ஊசி எந்தப் பக்கம் பார்க்கிறது, நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு நகர்ந்தது என்று குறித்து வைப்பது. கடைசிக் கப்பல் மார்ச்சில் போய்விட்டது. அடுத்து விமானம் நவம்பரில். அதுவரை இருபத்து மூன்று பேர்தான் உலகம்.

தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர் அனுராதா கேல்கர். எங்கள் மருத்துவர். குழுத் தலைவரும் அவரே. சூரியன் வராத மாதங்களில் மூளை தூங்கப் பார்க்குமாம், எழுதினால் விழித்திருக்குமாம். புனேக்காரர். சொன்னால் செய்துதான் ஆக வேண்டும்.

ஞாயிறு என்பதால் மாலையில் வீட்டுக்குப் போன். அப்பா ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலி ஜங்ஷன் டீக்கடையில் கடவுளை எதிர்த்து முப்பது வருஷம் வாதாடியவர். எனக்கு நன்மாறன் என்றும் அக்காவுக்குச் செந்தாமரை என்றும் பெயர் வைத்தார். அவர் பெயர் மட்டும் சங்கரலிங்கம். மாற்ற நேரமில்லையாம்.

"லேய், நீ தெக்க போயிருக்க. எமதர்மன் ஆபீஸ் அங்கனதான் இருக்குன்னு உங்க சித்தப்பன் சொல்லுதான். ஒரு எட்டு பாத்துட்டு வா. இருந்தா அட்ரஸ் வாங்கு. இல்லன்னா இல்லன்னு எழுதி ஒரு சீல் குத்தி அனுப்பு."

"இருந்தா என்னப்பா செய்யுறது?"

"இருந்தா நான் தோத்தேன். சித்தப்பனுக்கு டீ வாங்கிக் குடுக்கேன்."

மே 24, ஞாயிறு

சூரியன் இன்று அடிவானத்தில் ஆரஞ்சுச் சுளை மாதிரி எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. இனி ஜூலை நடுவில்தான். எல்லோரும் வெளியே நின்று கை தட்டினோம். எதற்குத் தட்டினோம் என்று தெரியவில்லை.

அப்பாவின் குரல் கம்மியிருந்தது. ஜலதோஷம் என்றார். பேச்சு மட்டும் குறையவில்லை. "செத்தவன் எல்லாம் தெக்கதான் போறாம்னா, இதுவரைக்கும் செத்தவன் எத்தனை கோடி? அங்கன நிக்க இடம் இருக்கால? நீ என்னன்னா இருபத்து மூணு பேருதான் இருக்கோம்ங்குத." பிறகு அக்கா போனை வாங்கி, "பிரஷர் மாத்திரையை ஒழுங்கா போட மாட்டேங்காவ மாறா, நீ சொல்லு" என்றாள். சொன்னேன். அக்கா கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறாள். அத்தான் மஸ்கட்டில். அப்பாவும் அவளும்தான் அந்த வீட்டில்.

மே 29, வெள்ளி

ஞாயிறு இல்லாத நாளில் போன். அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார். மூளையில் ரத்தக்கசிவு. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். வலது கை வரவில்லை, பேச்சு வரவில்லை.

பேச்சு வரவில்லை என்று அக்கா இரண்டு முறை சொன்னாள்.

மே 31, ஞாயிறு

பனிப்புயல். குடிசைக்குப் போகவில்லை. சமையலறையில் பாத்திரம் கழுவும் முறை எனக்கு. இருபத்து மூன்று தட்டு.

ஜூன் 1, திங்கள்

"மாறா, அப்பா போயிட்டாவ." விடியற்காலையில் அக்காவின் போன்.

நான் சொன்னது நினைவிருக்கிறது. "எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். அளவீடு எடுப்பவன் புத்தி.

மதியத்துக்குள் மூன்று போன். அப்பா தன் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சித்தப்பா கல்லூரிக்கே போய்த் தகராறு செய்துவிட்டார். அதனால் மகனின் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்கிறார்களாம். சித்தப்பா என்னிடம் நேரிலேயே பேசினார், அதாவது செயற்கைக்கோள் வழியாக.

"ஏ மாறா, பெத்த மவன் உசுரோட இருக்கையில எங்க அண்ணன அறுத்துப் பாக்கக் குடுக்கதா? நீ வர முடியாது, சரி, அது உன் குத்தம் இல்ல. நான் கொள்ளி வைக்கேன். முறைப்படி எல்லாம் நான் செய்யுதேன். பாவம், ஆத்மா ஒரு வருஷம் நடந்து போவணும். எண்பத்தாறாயிரம் யோசனை தூரம். வழிச்சோறு இல்லாம அனுப்பாத. ஒரு வார்த்தை சொல்லு."

பிறகு அக்கா. "நீ மெயில் அனுப்பிட்டியா? வண்டிக்குச் சொல்லணும்."

"அக்கா, சித்தப்பா சொல்லுதபடி எரிச்சிருவமா?"

இந்தப் போனில் நாம் பேசினால் பதில் வர அரை நொடி ஆகும். இந்த முறை அதைவிட அதிகம் ஆனது.

"ஏல, நீயா பேசுத?"

"சொந்தக்காரங்க நாளைக்கு உன்கூட பேச மாட்டாங்க. அதுக்காகத்தான்..."

"அப்பா பக்கம் நீ நிப்பேன்னு நெனச்சேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உறவினர்கள் அவளை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகத்தான் சொன்னேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அப்பாவை வீட்டில் ஐஸ் பெட்டியில் வைத்திருக்கிறார்களாம். இரண்டு பேரும் ஐஸில்தான் இருக்கிறோம். அவருடையதில் மோட்டார் ஓடும். இங்கே அதுவும் தேவையில்லை.

ஜூன் 2, செவ்வாய்

சம்மதம் என்று மெயில் அனுப்பினேன். அக்காவிடமிருந்து "சரி" என்று ஒரு வார்த்தை. மாலையில் இன்னொன்று: "கொண்டு போயாச்சு."

ஜெனரேட்டர் அறையில் சிக்கந்தர் காக்காவிடம் போய் உட்கார்ந்திருந்தேன். இங்கே தமிழ் பேச எனக்கு இருக்கும் ஒரே ஆள். கீழக்கரைக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது. ஜெனரேட்டர் சத்தத்தில் பேசினாலும் கேட்காது. அதற்காகவே அங்கே போனேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

ஜூன் 5, வெள்ளி

ஒரு சின்ன ஆராய்ச்சி. அப்பா இறந்த அந்த விடியற்காலையின் காந்தப் பதிவை எடுத்துப் பார்த்தேன். வேலை சம்பந்தமாகத்தான், எப்படியும் மாத அறிக்கைக்குப் பார்க்க வேண்டியதுதான்.

இங்கே பதிவு ஒருபோதும் சும்மா இருக்காது. சூரியனிலிருந்து ஏதாவது வந்து மோதிக்கொண்டே இருக்கும். கோடு மேலும் கீழும் துள்ளும். ஆன்மா என்று ஒன்று இருந்து, அதற்குத் துளி மின்னேற்றமும் இருந்தால், பூமியின் காந்தப் புலம் அதைத் துருவத்துக்குத்தான் இழுத்து வரும். வேறு வழியே கிடையாது. வந்தால் என் கருவி காட்டியாக வேண்டும்.

கோடு நேராக இருந்தது. முன்னும் பின்னும் பல மணி நேரம் பார்த்தேன். பல வாரங்களிலேயே அவ்வளவு அமைதியான காலை இல்லை.

முடிவு: ஆன்மாவுக்கு மின்னேற்றம் இல்லை. அல்லது ஆன்மா இல்லை. அல்லது அவர் இந்தப் பக்கம் வரவில்லை.

ஜூன் 8, திங்கள்

குளியலறைக் குழாய் உறைந்துவிட்டது. வாளியில் வெந்நீர்.

சித்தப்பாவின் எண்பத்தாறாயிரம் யோசனையை எடுத்துக்கொண்டேன். ஒரு யோசனை பதின்மூன்று கிலோமீட்டர் என்று வைத்தால் பதினோரு லட்சம் கிலோமீட்டர் சொச்சம். ஒரு வருஷத்தில் நடக்க வேண்டும். அப்படியானால் தூங்காமல், டீ குடிக்காமல், மணிக்கு நூற்றிருபத்தைந்து கிலோமீட்டர் வேகம். அப்பா மூட்டு வலியோடு ஜங்ஷன் மேம்பாலம் ஏறவே நடுவில் இரண்டு இடத்தில் நிற்பார். "ரயில்வே பாஸ் செல்லுமா?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

அதைவிடப் பெரிய சிக்கல் தூரத்தில் இருக்கிறது. பூமியைச் சுற்றினாலே நாற்பதாயிரம் கிலோமீட்டர்தான். பதினோரு லட்சம் நடக்க வேண்டுமென்றால் ஒரே வட்டத்தில் இருபத்தேழு, இருபத்தெட்டு முறை சுற்ற வேண்டும். திருநெல்வேலியிலிருந்து நேர் தெற்கே கோடு போட்டால் அது கடலைத் தாண்டி வந்து தொடும் கரை, ஏறக்குறைய இதுதான். வரைபடத்தில் அளந்து பார்த்தேன். கோடு எங்கள் நிலையத்துக்குப் பக்கத்தில்தான் போகிறது.

ஆக, ஒவ்வொரு ஆன்மாவும் இந்த வாசலை இருபத்தெட்டு முறை கடக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ஒரு முறையாவது கதவைத் தட்டினால் என்ன?

ஜூன் 11, வியாழன்

சாப்பாட்டு மேசையில் சிக்கந்தர் காக்காவிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். அவர் மூன்று வேளை தொழுகிறவர், மீதி இரண்டு வேளையைத் தூக்கம் எடுத்துக்கொள்கிறது என்று அவரே சொல்வார். கோபித்துக்கொள்ளவில்லை. இயந்திரம் தெரிந்தவராகக் கேட்டார்.

"எண்ணெய்க் கொப்பரை இருக்குல்ல தம்பி, உங்க எமன் ஊர்ல? அதுக்கு எரிபொருள் என்னா?"

"விறகுதான் போட்டிருப்பாங்க காக்கா."

"இங்கின ஏது விறகு? ஒரு செடி கிடையாது. டீசல்தான். வெளிய மைனஸ் முப்பது. ஒரு கொப்பரைய நூத்தி எண்பது டிகிரியில வச்சிருக்கணும்னா ஜெனரேட்டர் ஒண்ணு தனியா ஓடணும். எத்தனை கொப்பரை?"

"கோடிக்கணக்குல."

"அப்ப ஃபில்டர் மாத்தவே ஆளு பத்தாது. கப்பல் வேற வருஷத்துக்கு ஒண்ணு." சப்பாத்தியைப் பிட்டுக்கொண்டே யோசித்தார். "மூடியிருப்பாங்க தம்பி. நஷ்டத்துல ஓடியிருக்கும்."

நானும் சேர்த்துச் சொன்னேன்: அவ்வளவு சூடு எங்காவது இருந்தால் மேலே ஐஸ் உருகும், செயற்கைக்கோள் படத்தில் தெரியும். தெரியவில்லை. எனவே நரகம் இருந்தாலும் அடுப்பு அணைந்துதான் இருக்கிறது. மேசையில் இருந்த மற்றவர்களுக்கு இந்தியில் சொன்னோம். எல்லோரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் என் தட்டைப் பார்த்தார். நான் சாப்பிட்டிருக்கவில்லை போல.

இதை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு நொடி நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது என்றுகூட நினைத்துவிட்டேன்.

ஜூன் 14, ஞாயிறு

போன் எதுவும் வரவில்லை. நானும் செய்யவில்லை. அக்காவுக்கு வங்கியில் வேலை அதிகமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைதான், இருந்தாலும்.

ஜூன் 15, திங்கள்

நாளை பதினாறாம் நாள். சித்தப்பா ஏதோ செய்வார் என்று நினைக்கிறேன். உடல் இல்லாமல் எதை வைத்துச் செய்வாரோ.

சோதனை என்று வந்தால் முழுதாகச் செய்ய வேண்டும் என்று அப்பாவே சொல்வார். இறந்தவர்கள் தெற்கில் இருக்கிறார்கள் என்பது கருதுகோள். பூமியில் என்னைவிடத் தெற்கே இருந்து இதைச் சோதிக்கும் வசதி உள்ள திருநெல்வேலிக்காரன் வேறு யாரும் இல்லை. ஆகவே சோறு வைத்துப் பார்ப்பது தவறில்லை.

இடையூறுகள்: ஒன்று, காகம். இந்தக் கண்டத்தில் காகம் கிடையாது. ஸ்கூவா என்று ஒரு பறவை உண்டு, திருட்டிலும் சத்தத்திலும் காகத்துக்குக் குறையாது. ஏப்ரலிலேயே வடக்கே போய்விட்டது. புத்தியுள்ள பறவை. இரண்டு, சட்டம். அண்டார்க்டிகாவில் ஒரு பருக்கையைக்கூட வெளியே போடக் கூடாது என்று உலக நாடுகள் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. பிதுர்களுக்கு விலக்கு இல்லை. மூன்று, திசை. இங்கே காந்த ஊசி காட்டும் தெற்கும் உண்மையான தெற்கும் கிட்டத்தட்ட செங்கோணத்தில் பிரிந்து நிற்கின்றன. ஊசியை நம்பி நின்றால் எமனுக்குத் தோளைத்தான் காட்ட வேண்டும். புராணம் எழுதியவர்களிடம் ஊசி இருந்திருக்காது, அவர்கள் சூரியனைப் பார்த்துத் திசை வைத்தவர்கள். சூரியனோ இல்லை.

சமையல்காரரிடம் தேங்காய்ப்பால் பவுடர் கேட்டேன். எதற்கு என்றார். சொதி வைக்க என்றேன். அது என்ன என்றார். எங்கள் ஊர்க் குழம்பு என்றேன்.

ஜூன் 18, வியாழன்

இரண்டு நாளாக எழுதவில்லை. எழுதச் சொல்லி டாக்டர் நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். ஆகவே நடந்ததை எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நண்பகலில் வடக்கு அடிவானத்தில் கொஞ்சம் வெளிறிய நீலம் இருந்தது. சோறும் சொதியும் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, உறையாமல் இருக்க உள்சட்டைக்குள் வைத்துக்கொண்டு, குடிசைக்குப் போனேன். வெளியே போகிறவர் பதிவேட்டில் எழுதிவிட்டு, துணைக்கு ஓர் ஆளோடு, வாக்கிடாக்கியோடு போக வேண்டும். மூன்றையும் செய்யவில்லை. திரும்ப அரை மணி நேரம் கூட ஆகாது என்று நினைத்தேன்.

நிலையத்திலிருந்து குடிசை வரை கயிறு கட்டியிருக்கிறோம். அதைப் பிடித்தபடி போனேன். குடிசைக்கு வெளியே டப்பாவை எடுத்துக்கொண்டு நின்றபோது வடக்கில் இருந்த அந்த நீலமும் மறைந்திருந்தது. எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியவில்லை. எனக்கு, என் தொழிலில், தெரியவில்லை. ஒரு பக்கம் நின்றேன். பிறகு கொஞ்சம் திரும்பி நின்றேன். வாய்விட்டு ஏதோ கூப்பிட்டேன் என்று நினைக்கிறேன். கண்ணில் நீர் வந்து இமை ஒட்டிக்கொண்டது. அந்தக் குளிரில் காற்று பட்டால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

அப்போதுதான் காற்று எழுந்தது. ஐந்து நிமிஷத்தில் என் கையுறையே எனக்குத் தெரியவில்லை. டப்பாவை மறுபடி சட்டைக்குள் செருகி, கதவைத் தடவித் திறந்து குடிசைக்குள் போய்விட்டேன். உள்ளே சின்ன ஹீட்டர் உண்டு, கருவிக்காக. அதன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தூக்கம் வந்தது. தூங்கினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஹீட்டரை விட்டுக் கதவோரம் எதற்குப் போய்ச் சாய்ந்தேன் என்று டாக்டர் மூன்று முறை கேட்டுவிட்டார். எனக்கு விடை தெரியவில்லை.

கதவு திறந்து சிக்கந்தர் காக்கா உள்ளே விழுந்தார். இடுப்பில் இன்னொரு கயிறு. சாப்பாட்டு மேசையில் என்னைக் காணாமல், கயிற்றைத் தடவித் தடவியே தேடி வந்திருக்கிறார். முகமூடியில் ஐஸ்.

"யா அல்லாஹ், இருக்கியா." பிறகு என்னை இழுத்து ஹீட்டர் பக்கத்தில் போட்டு, இரண்டு கன்னத்திலும் அறைந்தார். ரத்த ஓட்டத்துக்காக என்று பிறகு சொன்னார். ரத்த ஓட்டத்துக்கு ஒன்று போதும்.

காற்று அடங்கும்வரை இருவரும் அங்கேயே மாட்டிக்கொண்டோம். சாயங்காலம் ஆகியிருக்கும். "பசிக்குது. உன் சட்டைக்குள்ள என்னா அது?" என்று டப்பாவை எடுத்தார். நான் தடுக்கவில்லை. சோறு இன்னும் உறையாமல் இருந்தது. பிசைந்து சாப்பிட்டார், எனக்கும் ஒரு வாய் ஊட்டினார். பாதிக்கு மேல் முடிந்த பிறகுதான் கேட்டார்.

"ஆமா, எதுக்குச் சோத்தத் தூக்கிட்டு இங்கின வந்த?"

சொன்னேன். அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

"மொதல்லயே சொல்லக் கூடாதா? கொஞ்சமாச்சும் வச்சிருப்பேன்ல." டப்பாவைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க வாப்பாவுக்குப் புடிச்ச கறியா இது?"

"ஆமா."

"நல்லாத்தான் இருக்கு. உப்பு கம்மி." பிறகு, "ஒடம்பத்தான் ஆஸ்பத்திரிக்குக் குடுத்தாச்சே. அதுல உனக்கு என்னா வருத்தம்?"

என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. ஏதோ சொன்னேன். அவர் டப்பாவுக்கு மூடி போட்டு ஓரமாக நகர்த்தினார்.

"சாம்பலு இருந்தா நீ போற வரைக்கும் அவரு காத்திருப்பாருன்னு நெனச்ச" என்றார். "அவ்வளவுதானே தம்பி. இத உங்க லாத்தாகிட்ட சொல்ல வேண்டியதுதானே. எமனப் போயி ஏன் தேடுற?" அவர்கள் பேச்சில் லாத்தா என்றால் அக்கா.

நேற்று பதிவைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பிற்பகலில் கோடு செங்குத்தாக எகிறியிருக்கிறது. இந்த வருஷத்திலேயே பெரிய எழுச்சி. காக்கா பையில் மூன்று ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு குடிசைக்குள் வந்த நேரம் அது. ஆள் வந்தால் கருவி காட்டத்தான் செய்கிறது.

ஜூன் 21, ஞாயிறு

நடுக்குளிர்கால விருந்து. கண்டம் முழுக்க எல்லா நிலையங்களிலும் இன்று கொண்டாட்டம். ஒருவருக்கொருவர் வாழ்த்து அனுப்பிக்கொள்கிறார்கள். காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு பாடினார்கள். நான் வெளியே போகத் தடை, ஜூலை வரை. என் அளவீடுகளை வேறொருவர் எடுக்கிறார். பெல்ட்டைக் கழற்ற மறந்துவிடுகிறார்.

டாக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "உன் வீட்டுக்கு நான் தகவல் சொல்லித்தான் ஆக வேண்டும். விதி அப்படி" என்றார்.

"அக்காவுக்கு வேண்டாம்."

"வேறு யார் இருக்கிறார்கள்?"

யோசித்தேன். வேறு யாரும் இல்லை.

ஜூன் 28, ஞாயிறு

போன் அறைப் பக்கம் போய்விட்டு வந்தேன். வரிசை நீளமாக இருந்தது. உண்மையில் இரண்டு பேர்தான்.

ஜூலை 5, ஞாயிறு

அக்கா கூப்பிட்டாள். எடுத்ததுமே, "செத்துப் போவப் பாத்தியால?"

"இல்லக்கா. ஒரு சோதனை."

"மயிரு சோதனை." அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. "அந்த டாக்டரம்மா இங்கிலீஷ்ல சொல்லுது, எனக்குப் பாதி வெளங்கல. 'ஹி ஈஸ் சேஃப்'னு மட்டும் காதுல விழுந்துச்சு. அதுக்கு முன்னால என்ன நடந்துச்சுன்னு தெரியாம ரெண்டு வாரம் கெடந்தேன். எனக்கு யாரு இருக்கா சொல்லு. அவரு மஸ்கட்ல. அப்பா அங்க. நீ அங்க."

லைனில் அரை நொடி, அரை நொடியாகப் போனது.

பிறகு சொல்லத் தொடங்கினேன். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் எண்பத்தாறாயிரம் யோசனையிலிருந்து தொடங்கினேன். இருபத்தெட்டு சுற்று. டீசல். மூடிப்போன நரகம். அவள் 'ம்' கூடக் கொட்டவில்லை. இங்கே காகம் இல்லாததை, சொதி வைத்ததை, குடிசைக்குக் கொண்டுபோனதைச் சொன்னேன்.

"கடைசியில சோறு காக்கா வாய்க்குத்தான் போச்சு" என்றேன்.

"அங்கதான் காக்கா கெடையாதே?"

"பறவை இல்லக்கா. சிக்கந்தர் காக்கா. கீழக்கரைக்காரரு. உப்பு கம்மின்னு வேற சொன்னாரு."

முதலில் லைன் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். சிரிக்கிறாள் என்று புரியச் சிறிது நேரம் ஆனது. மூச்சு வாங்கச் சிரித்தாள். "அப்பா இருந்தா இத ஜங்ஷன்ல ஒரு மாசம் சொல்லுவாவ மாறா" என்றாள். பிறகு சிரிப்பு வேறு ஒன்றாக மாறியது. நான் காத்திருந்தேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உன் கணக்குல ஒரு தப்பு இருக்கு" என்றாள்.

"என்ன?"

"அப்பா எதுக்குத் தெக்க வரணும்? நரகத்துக்குப் போறவன்தான் அந்தப் பக்கம். அப்பா யாருக்கு என்ன கெடுதல் பண்ணுனாவ? சொர்க்கம் வடக்கல்லா இருக்கு. நீ எதிர்த் திசையில போய் உக்காந்துக்கிட்டு வரல வரலன்னா?"

அது எனக்குத் தோன்றவே இல்லை. முழுக் கணக்கையும் தலைகீழாகப் போட்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் சொன்னேன். எரிக்கலாம் என்று நான் சொன்னது சொந்தக்காரர்களுக்காக இல்லை என்று. நவம்பரில் இறங்கி வீட்டுக்கு வந்தால் பார்க்க ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கட்டும் என்றுதான், ஒரு கைப்பிடி, ஒரு சட்டி. ஒன்றுமே இல்லாத வீட்டுக்குள் எப்படி வருவது என்று தெரியவில்லை என்றேன்.



"காலேஜ் வண்டி வந்த அன்னைக்கு யாருமே வரல மாறா" என்றாள். "சித்தப்பா தெருமுனை வரைக்கும் வந்து நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு. பக்கத்து வீட்டுப் பிள்ளைங்கதான் தூக்கிவிட்டுதுங்க. டிரைவரு வயசானவரு. 'கூட ஆம்பளைங்க யாரும் வரலியாம்மா'ன்னு கேட்டாரு. 'தம்பி வந்துக்கிட்டு இருக்கான்'னுட்டேன். எப்படிச் சொன்னேன்னு தெரியல, வாயில வந்துட்டு. அவரு சரிம்மான்னு எஞ்சின அணைச்சிட்டு இறங்கி நெழல்ல போய் நின்னாரு."

"ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"தெரியல. அப்புறம் இல்லன்னு சொல்லவும் மனசு வரல. அவரு பாட்டுக்கு நின்னாரு. ஒரு மணி நேரம் இருக்கும். ஒரு வார்த்தை அவசரப்படுத்தல, பாவம். நானும் வாசல்ல உக்காந்து ரோட்டப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒவ்வொரு ஆட்டோவா திரும்புது. நீ எங்க இருக்கன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் பாத்துக்கிட்டே இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீ வரல. ஏறிப் போயிட்டோம்."

ஜூலை 6, திங்கள்

காலையில் டாக்டரிடம் விடுப்பு விண்ணப்பம் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் தந்தை மரணம், ஜூன் 1 என்று எழுதியிருந்தேன். அவர் தேதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எத்தனை நாள் என்று கேட்டார். ஒரு நாள் போதும் என்றேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இங்கே விடுப்பு எடுத்தால் போவதற்கு இடம் கிடையாது. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.